சேம்சைடு மக்தூம்

கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோலைத் தடுத்த கீப்பருக்கு இரண்டு பேராவது முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். ஸ்டாப்பர் பேக் என்று ஒருத்தன் கீப்பருக்கு முன்னால் நின்றுகொண்டு ஆட்டம் முழுக்க உதை வாங்குகிறானே, அவனை யாராவது ஏறெடுத்துப் பார்த்ததுண்டா? அவன் ஒழுங்காக ஆடினால் அவன் மைதானத்தில் இருந்ததே யாருக்கும் தெரியாது. ஒருமுறை தவறட்டும், ஊர் பூரா அவன் பேச்சாகத்தான் இருக்கும். கீப்பராக இருந்த நானே இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்தூம் எங்கள் கல்லூரிக்கு மூன்று வருஷம் ஸ்டாப்பர் பேக்காக ஆடினான். பட்டுக்கோட்டைப் பக்கம், கடலோரத்துக் கல்லூரி. மைதானத்தில் பாதி மணல், பாதி நெருஞ்சி முள். ஆள் அப்படியொன்றும் வாட்டசாட்டம் கிடையாது. ஆனால் எதிராளி எந்தப் பக்கம் வெட்டிப் போவான் என்பது அந்த எதிராளிக்குத் தெரிவதற்கு முன்னால் இவனுக்குத் தெரிந்துவிடும். விழுந்து புரண்டு காலை வாரிவிடுகிற வேலையெல்லாம் அவனிடம் இல்லை. பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பான். பந்து இவன் காலுக்கு வந்திருக்கும். பறிகொடுத்தவன் பந்து இல்லாமலேயே நாலு எட்டு ஓடிவிட்டு, அப்புறம்தான் திரும்பிப் பார்ப்பான். முப்பத்தெட்டு ஆட்டம் ஆடினான், ஒரு மஞ்சள் அட்டை வாங்கவில்லை. ஒரு கோலும் போட்டதில்லை. நடுக்கோட்டைத் தாண்டுவது அவனுக்கு விசா இல்லாமல் அடுத்த நாட்டுக்குள் போவது மாதிரி.

ஒரு கோலும் போட்டதில்லை என்று சொன்னது முழு உண்மை இல்லை. ஒன்று போட்டான். எங்கள் கோலிலேயே போட்டான்.

1986இல் திருச்சியில் கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம். இன்னும் இருபது நிமிஷம் மிச்சம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. வலது ஓரத்திலிருந்து ஒரு பந்து உயர எழும்பி வந்தது. மக்தூம் எகிறி, பின்னால் நான் நிற்கிறேன் என்ற நம்பிக்கையில், அதைத் தலையால் தட்டி எனக்கு அனுப்பினான். நான் பின்னால் இல்லை. அதே பந்தைப் பிடிப்பதற்காக முன்னால் ஓடிவந்துவிட்டேன். பந்து என் தலைக்கு மேலே போய், ஒரு அவசரமும் இல்லாமல் இரண்டு தரம் குதித்து, வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நான் குப்புற விழுந்து மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ரெஃப்ரி வந்து என்னை எழுப்பி நிறுத்த வேண்டியிருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

முன்னால் ஓடிவருகிற கீப்பர் ‘என் பந்து’ என்று கத்த வேண்டும். கீப்பருக்கு அதுதான் பாலபாடம். கத்தினேன் என்று அன்றைக்கே சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன், ஹாஸ்டலில் சொன்னேன், ஒன்பது வருஷம் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கத்தவே இல்லை. பயத்தில் வாயைத் திறக்காமலே ஓடிவந்துவிட்டேன். மக்தூம் ஒருத்தரிடமும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. பழியைத் தலையில் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

தன் கோலிலேயே பந்தைப் போடுவதற்கு எங்கள் பக்கம் சேம்சைடு கோல் என்று பெயர். அன்றிலிருந்து அவன் சேம்சைடு மக்தூம். துபாய்க்கு வந்தாலாவது விடும் என்று நினைத்தான். எங்கே விட்டது? எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் அவனுக்கு முன்னாலேயே இங்கே வந்து இறங்கியிருந்தோம். சத்வாவில் எங்கள் ரூமைச் சுற்றியே மூன்று மக்தூம்கள். அடையாளம் சொல்ல ஒரு பேர் வேண்டியிருந்தது, தயாராக ஒன்று இருந்தது. கர்ட்டன் கடையில் அவனோடு வேலை பார்த்த குல்ஜமான் கான் என்கிற பட்டாணிக்காரர், சேம்சைடு என்பது அவனுடைய குடும்பப் பெயர் என்றே நம்பி, மிக மரியாதையாக ‘சேம்சைடு பாய்’ என்று கூப்பிடுவார். மக்தூம் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

1995 ஜனவரியில்தான் முதல்முறையாகக் கோபப்பட்டான்.

அவன் பெண்டாட்டி ஆபிதாவுக்கும் ஆறு வயது மகள் ஹிஃப்ஸாவுக்கும் ஒரு மாத விசிட் விசா கிடைத்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை வருகிறார்கள். ரூமில் எல்லாரும் சந்தோஷமாகக் கூச்சல் போட்டோம். மக்தூம் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த டேப் ரிக்கார்டர் விஷயம் எங்களுக்குத் தெரிந்ததுதான். மாதம் ஒரு கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். மகளுக்குக் கதை சொல்வதற்கு அவனிடம் வேறு சரக்கு கிடையாது. கால்பந்துதான் கதை. ‘வாப்பா நிக்கிற பக்கம் பந்து வரவே பயப்படும்’ என்றெல்லாம் அளந்துவிடுவான். பதிலுக்கு வரும் கேசட்டில் அந்தப் பிள்ளை, ‘இந்த மாசம் எத்தனை பேரத் தடுத்தீங்க வாப்பா?’ என்று கணக்குக் கேட்கும்.

“வெங்கட்டு, எம்புள்ள காதுல அந்தப் பேரு விழக் கூடாதுடா” என்றான் மக்தூம் என்னிடம். “வந்து எறங்குன அன்னிக்கே எவனாவது ரோட்டுல கூப்புடுவான். என்னன்னு கேக்கும். நான் என்ன சொல்ல? இவ்வளவு நாளா வாப்பா சொன்னதெல்லாம் பொய்யின்னா?”

“சின்னப் பிள்ளைடா அது. மறந்துடும்.”

“நீங்கள்லாம் மறந்தீங்களா?” என்று சுள்ளென்று கேட்டான்.

அவன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். சத்வா பிரண்ட்ஸ் என்ற எங்கள் டீமுக்கு அவன்தான் கேப்டன். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஆடுகிறோம், ஒரு கப்பைக்கூடத் தொட்டதில்லை. அந்த வருஷம் எப்படியோ ஃபைனலுக்கு வந்திருந்தோம். ஃபைனல் இந்த வெள்ளி, குடும்பம் வருவது அடுத்த வியாழன். ஜெயித்தால் கேப்டனிடம் மைக்கைக் கொடுப்பார்கள். அப்போது எல்லார் முன்னாலும் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கப் போகிறானாம். இந்தப் பேரை இன்றோடு விட்டுவிடுங்கள், கலாஸ், அத்தோடு முடிந்தது என்று. கப் ஜெயித்துக் கொடுத்த கேப்டன் கேட்டால் எவன் மாட்டேன் என்பான்? எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஃபைனல் நாலேகாலுக்குத் தொடங்குவதாக நோட்டீஸ் போட்டிருந்தார்கள். சத்வாவுக்குப் பின்னால் இருந்த மணல் பொட்டலில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். எதிர் டீம், பர் துபாய் துணிக்கடைப் பையன்களின் மீனா பஜார் லெவன். அவர்களுடைய கேப்டன் நிஜாம், சேலைக் கடையில் சேல்ஸ்மேன், கெட்டிக்காரன். ரெஃப்ரி இத்ரீஸ் என்கிற சூடான்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். எல்லாரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினரைத் தவிர.

நம் ஆட்கள் சந்திர மண்டலத்தில் விழா நடத்தினாலும் சிறப்பு விருந்தினர் தாமதமாகத்தான் வருவார். இவர் ஐந்து மணிக்கு வந்தார். வந்தவருக்குப் பொன்னாடை. அவரை அழைத்து வந்தவருக்குப் பொன்னாடை. தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொடுத்தவர், பிக்கப் வண்டி கொடுத்தவர் என்று ஏழு பொன்னாடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. இத்ரீஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து “யல்லா, யல்லா” என்று தன்பாட்டில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பாதி ஆட்டத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம். பந்தை உதைத்தபோது மணி ஐந்து இருபது.

முதல் அரை மணி நேரத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நிஜாம் நாலு தரம் வந்தான், நாலு தரமும் மக்தூம் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றான். முப்பத்திரண்டாவது நிமிஷத்தில் பந்து நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வெளியே போனது. எங்களுக்கு த்ரோ. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலிலிருந்து அந்தித் தொழுகைக்கான மஹ்ரிபு பாங்கு கேட்டது.

இத்ரீஸ் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு மூன்று விரலைக் காட்டினார். “தீன் மினிட் பாக்கி. நமாஸ் கே பாத் தீன் மினிட், உஸ்கே பாத் சேஞ்ச்” என்றார். முதல் பாதியில் இன்னும் மூன்று நிமிஷம் மிச்சம் இருக்கிறது, தொழுதுவிட்டு வந்து அதை முடித்த பிறகுதான் இடம் மாற வேண்டும் என்று அர்த்தம். இரண்டு கேப்டன்களும் தலையாட்டினார்கள். மற்றவர்கள் அதற்குள் கைகால் கழுவத் தண்ணீர் டிரம்மைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

அவர்கள் மைதானத்து ஓரத்தில் பாய் விரித்து வரிசையாக நின்று தொழுதார்கள். நானும், எங்கள் டீமில் லாரி ஓட்டுகிற மணிமாறனும், இன்னும் நாலைந்து பேரும் ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ குடித்தோம். தொழுகை முடிவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. ஓரத்தில் நின்ற எட்டுப் பிக்கப் வண்டிகளின் ஹெட்லைட்டைப் போட்டார்கள். தொழுகை முடிந்தது, டீ முடிந்தது, விளக்கு வந்தாயிற்று. இதற்குப் பெயர் இடைவேளை இல்லாமல் வேறென்ன? ஒருத்தரும் ஒருத்தரையும் கேட்கவில்லை. பச்சைச் சட்டைக்காரர்களான நாங்கள் அந்தப் பக்கம் போனோம், வெள்ளைச் சட்டைக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். நான் துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எதிர்க் கோலுக்கு நடந்தேன். வழியில் அவர்கள் கீப்பர் எதிரே வந்தான். இருவரும் கைகூடக் குலுக்கிக்கொண்டோம்.

மக்தூம் கடைசி ஆள். கட்டாயமான ஃபர்லு தொழுததோடு நிற்காமல், கூடுதலாகத் தொழுகிற சுன்னத்தும் தொழுதுவிட்டு எழுந்தான். அவன் ஓடிவருவதற்கும் இத்ரீஸ் விசில் ஊதுவதற்கும் சரியாக இருந்தது. மணிமாறன் பந்தைத் தூக்கி அவனிடம் எறிந்தான்.

பந்தைக் காலில் வாங்கிய மக்தூம் நிமிர்ந்து என் கோலைப் பார்த்தான். அப்புறம் நேராக என்னை நோக்கி ஓடிவரத் தொடங்கினான்.

முதலில் எனக்குப் புரியவில்லை. எனக்குத்தான் பந்தைத் தள்ளப் போகிறான் என்று நினைத்தேன். தள்ளவில்லை. வேகம் கூடியது. “டேய், டேய், நம்ம கோலுடா!” என்று மணிமாறன் அலறிக்கொண்டு துரத்தினான். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் துரத்தினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் என்ன செய்வார்கள், பாவம்? நிஜாம் இரண்டு கையையும் விரித்து, “வுடுங்கடா, வழிய வுடுங்க! அவன் போடட்டும்!” என்று தன் ஆட்களை ஒதுக்கினான். கல்யாண ஊர்வலத்துக்கு ஒதுங்குகிற மாதிரி சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள்.

இதை மக்தூம் பக்கமிருந்தும் சொல்லிவிடுகிறேன், அவன் பிறகு சொன்னதுதான். அவனைப் பொறுத்தவரை இது முதல் பாதி, முன்னால் இருப்பது எதிரி கோல். எட்டு வண்டிகளின் வெளிச்சமும் கண்ணில் அடித்ததால் கோலில் நிற்பவன் யாரென்று தெரியவில்லை. எதிரிகள் தன்னைக் கண்டு மிரண்டு விலகுகிறார்கள் என்று நினைத்தானாம். பின்னால் எங்கள் ஆட்கள் ஓடிவந்தது தனக்குத் துணையாகவாம். மணிமாறன் சட்டையைப் பிடித்து இழுத்ததை மட்டும் எதிராளியின் ஃபவுல் என்று நினைத்து, உதறிவிட்டு ஓடிவந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக நடுக்கோட்டைத் தாண்டி வந்திருக்கிறான், வழி வேறு திறந்து கிடக்கிறது. மனுஷன் விடுவானா?

“மக்தூம்! நாந்தான்டா! வெங்கட்டுடா!” என்று கத்தினேன். அந்தக் கூச்சலில் எனக்கே கேட்கவில்லை. ஓங்கி அடித்தான். நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஜென்மத்தில் அப்படி ஒரு தாவல் தாவியதில்லை. விரல் நுனி பந்தில் பட்டது. பட்டும் நிற்கவில்லை, இடது மூலையில் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. முந்நூறு பேரும் ஒரே குரலில் “சேம்சைடு! சேம்சைடு!” என்று தாளம் போட்டார்கள். மக்தூம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஓடினான். பெண்டாட்டி பிள்ளை வரப் போகிற நேரத்தில் இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு ஆட்டம் போடுகிறானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. துரத்திப் போய்க் காலரைப் பிடித்தேன்.

“அறிவிருக்காடா உனக்கு? மறுபடியும் நம்ம கோல்லயே போட்டிருக்க!”

அவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். “நீ ஏன்டா அவன் கோல்ல நின்ன?” என்றான்.

கரும்பலகையில் மீனா பஜாருக்கு நேரே ஒன்று என்று எழுதிவிட்டார்கள். இத்ரீஸ் அமைதியாக அங்கே நடந்து போனார். துடைப்பானை வாங்கி அந்த ஒன்றை அழித்தார். சத்வாவுக்கு நேரே ஒன்று போட்டார். சிரிப்பு நின்றது. பிறகு இரண்டு டீமும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தது. என்னால் நம்ப முடியாததால் நானும் பாய்ந்தேன்.

“பஹ்லா ஹாஃப் அபீ கத்தம் நஹீ” என்றார் இத்ரீஸ். முதல் பாதி இன்னும் முடியவில்லை. கடிகாரத்தைக் காட்டினார், ஒன்றரை நிமிஷம் மிச்சம் இருந்தது. எந்தக் கோல் யாருடையது என்று சொல்வதுதான் தன் வேலை என்றார். யார் எங்கே போய் நின்றுகொள்கிறார்கள் என்பது அவரவர் பாடு. கேப்டன்களிடம் மூன்று விரலைக் காட்டிச் சொன்னேனா இல்லையா, கேளுங்கள் என்றார்.

எல்லாரும் நிஜாமைப் பார்த்தோம். அவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே அடிதடி நடந்திருக்கும், கோலும் போயிருக்கும். நிஜாம் தலையைச் சொறிந்தான்.

“சொன்னாருங்க. மூணு வெரலக் காட்டித்தான் சொன்னாரு. தொழுதுட்டு எந்திரிச்சதும் மறந்துட்டேன்” என்றான். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, “என்னைய என்னடா மொறைக்கிறீங்க? வழி வுட்டது நீங்களும்தானே?” என்றான்.

அவன்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை. மக்தூமிடம், நீயாவது எங்களிடம் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன். “எல்லாரும் பக்கத்துலதானடா நின்னீங்க. கேட்டிருக்கும்னு நெனச்சேன்” என்றான்.

அந்தக் கோலைப் பற்றித்தான் இன்று வரைக்கும் எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கப்புறம் நடந்த இரண்டாம் பாதியைப் பேச ஆள் இல்லை, ஆகவே நான் பேசுகிறேன். முப்பத்தைந்து நிமிஷம் மீனா பஜார்க்காரர்கள் வெறிபிடித்து வந்தார்கள். ஏமாந்த கோபம் வேறு. பத்துப் பேரும் எங்கள் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். மக்தூம் அசரவில்லை. நிஜாம் இடது பக்கம் வெட்டினால் அங்கே நின்றான், வலது பக்கம் வெட்டினால் அங்கேயும் நின்றான். கார்னரில் எழும்பிய பந்துகளைத் தலையால் அடித்து அடித்து நெற்றி சிவந்துவிட்டது. கடைசி நிமிஷத்தில் என்னையும் தாண்டிப் போன ஒரு பந்தைக் கோட்டுக்கு மேலே காலை நீட்டி நிறுத்தி, பதறாமல் ஓரத்துக்குத் தட்டிவிட்டான். மூன்று வருஷக் கல்லூரி ஆட்டமும் ஆறு வருஷ வெள்ளிக்கிழமைகளும் அந்தக் காலில் இருந்தன. விசில் ஊதியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் காதில் சொன்னேன். “மாப்ளே, திருச்சியில நான் கத்தலடா.”

“தெரியும்டா” என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. “நீ கத்துனா பட்டுக்கோட்டை வரைக்கும் கேக்குமே. எனக்குக் கேக்காதா?”

நல்லவேளையாக எல்லாரும் வந்து எங்கள்மேல் விழுந்தார்கள்.

கப் கொடுக்கும் நேரம் வந்தது. மக்தூம் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு தயாராக நின்றான். மைக் பிடித்தவர் உற்சாகம் தாங்காமல், “வெற்றிக் கோப்பையைப் பெற்றுக்கொள்ள, கேப்டன் சேம்சைடு மக்தூம் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!” என்றார். அவ்வளவுதான். பிக்கப் வண்டிகள் ஹாரன் அடித்தன. மீனா பஜார்க்காரர்களே அதிகம் கத்தினார்கள். மக்தூம் மைக்கை வாங்கி ஏதோ பேசினான். வாய் அசைந்தது தெரிந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு முறை அவன் வாயைத் திறக்கும்போதும் “சேம்சைடு” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவந்தான்.

சத்வாவுக்குள் கிடந்த பெயர் சனிக்கிழமைக்குள் தேரா, ஷார்ஜா எல்லாம் போய்விட்டது. திங்கட்கிழமை சவூதியில் ஜுபைல் கேம்ப்பிலிருந்து எங்கள் வகுப்புத் தோழன் ஒருத்தன் காசு செலவழித்துக் கடைக்கு போன் போட்டு, “சேம்சைடு இருக்கானா?” என்று கேட்டான். கப்பை ஜெயித்தும் மக்தூம் முகம் தொங்கிப்போய்த் திரிந்தான்.

நான் கிளம்பினேன். டூட்டி முடிந்ததும் கடை கடையாக ஏறினேன். சலூன், லாண்டரி, கபே, தையல் கடை, ஒன்று பாக்கியில்லை. ஒரு மாதத்துக்கு ஒருத்தன் வாயிலும் அந்தப் பெயர் வரக் கூடாது, வந்தால் மனுஷனாக இருக்க மாட்டேன் என்றேன். சிலரிடம் கெஞ்சினேன், சிலரிடம் சட்டையைப் பிடிக்காத குறை. எல்லாரும் சத்தியம் செய்தார்கள்.

வியாழக்கிழமை ஆபிதாவும் ஹிஃப்ஸாவும் வந்து இறங்கினார்கள். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மக்தூம் அவர்களை சத்வா தெருவில் நடத்திக் கூட்டிப்போனான். நானும் காவலுக்குப் போனேன். சத்தியம் செய்தவர்கள் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள், அதிகமாகவே காப்பாற்றினார்கள். சலூன்காரர் கத்திரிக்கோலோடு வெளியே வந்து, “வணக்கம் மக்தூம் சார்” என்றார். எதிரே வந்த நிஜாம், “அஸ்ஸலாமு அலைக்கும் மக்தூம் காக்கா” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைப்பாக நின்றான். ஆபிதா எல்லாரையும் ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஹிஃப்ஸா பெருமையாக வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

கபேயில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது பக்கத்து மேஜையிலிருந்து குல்ஜமான் கான் எழுந்து வந்தார். அவரிடம் மட்டும் சொல்ல மறந்திருந்தேன். அவர் நெஞ்சில் கைவைத்து, குனிந்து, மிகுந்த பணிவோடு ஆபிதாவிடம் சொன்னார்: “சலாம் பாபி. ஆப் மிஸஸ் சேம்சைடு?” பிறகு ஹிஃப்ஸாவின் தலையைத் தொட்டு, “மாஷா அல்லாஹ், பேபி சேம்சைடு!” என்றார்.

“வாப்பா, சேம்சைடுன்னா என்ன?” என்றது ஹிஃப்ஸா.

மக்தூமின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது பொய் சொல்லலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் ஆபிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

“இங்கயும் அதே பேருதானா?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?” என்றான் மக்தூம்.

“தெரியாமலா? கல்யாணப் பேச்சு வந்தப்பவே எங்க காக்கா வேண்டாம்னாங்க. திருச்சி மேட்ச்ச நேர்ல போய்ப் பாத்தவங்க அவுங்க. கைக்கு வந்த கப்ப அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுத்த ஆளு, சேம்சைடு மாப்புள நமக்கு எதுக்குன்னாங்க. நான் கூடப்பொறந்த லாத்தாவ வுட்டுக் காக்காகிட்ட கேக்கச் சொன்னேன். கோலு விழுந்ததுக்கப்பறம் அந்த ஆளு என்ன பண்ணுனாருன்னு.” அவள் என்னைப் பார்த்தாள். “கீப்பரு மண்ணுல குப்புறக் கெடந்தாராம். கோவிச்சுக்காதீங்கண்ணே. மத்தவங்க தலையில கைய வச்சிக்கிட்டு நின்னாங்களாம். இவுங்க மட்டும் வலைக்குள்ள போயி பந்த எடுத்துக்கிட்டு ஓடியாந்து, நட்டநடுவுல வச்சிட்டு, வாங்கப்பா இன்னும் இருவது நிமிசம் இருக்குன்னு ஒவ்வொருத்தரையா கையப் புடிச்சுக் கூப்ட்டாங்களாம். காக்கா சொன்னாங்க. அப்ப சரின்னுட்டேன்.”

இது எனக்கே தெரியாது. நான்தான் மண்ணுக்குள் முகத்தை வைத்திருந்தேனே. பந்தை ரெஃப்ரி கொண்டுபோய் வைத்தார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழுந்து ஆடலாம் போலவும் இருந்தது.

“ஏழு வருசமா ஏன் சொல்லல?” என்றான் மக்தூம்.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

மக்தூம் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். அப்படி அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. குல்ஜமான் கான் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று விளங்காமல் நின்றுகொண்டிருந்தார். மக்தூம் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

“சேம்சைடுன்னா என்னன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறீங்க” என்று ஹிஃப்ஸா மேஜையைத் தட்டியது.

மக்தூம் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மேஜைமேல் இரண்டு டம்ளர்களைத் தள்ளித் தள்ளி வைத்தான். தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தான். சலூன்காரரும் நிஜாமும்கூட உள்ளே வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“நல்லாப் பாரு. இதுதான் நம்ம கோலு” என்று டம்ளர்களைத் தொட்டுக்காட்டினான். “இதுக்குள்ளதான் வாப்பா போட்டேன்.”